கப்பைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்!

"என் பையனை எந்த ஃபுட்பால் அகாடமியில சேர்க்கலாம்? எது பெஸ்ட்?"

திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "ஃபுட்பாலா? பேசாம கிரிக்கெட் கோச்சிங்ல போடுங்க" என்று பதில் வந்திருக்கும். கிரிக்கெட்டுக்கு இங்கே என்ன குறை? டி.என்.பி.எல்.லில் ஊர் பெயரிலேயே டிராகன்ஸ் டீம் இருக்கிறது, 2024-ல் கோப்பையும் ஜெயித்தது. ஆனால் கால்பந்து இந்த ஊருக்குப் புதுசு இல்லை. புனித மரியன்னை பள்ளி மைதானத்து மண்ணில் வெறுங்காலோடு பந்தை உதைத்த தாத்தாக்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். புதுசாக வந்திருப்பது வேறு: பச்சைக் கம்பளம் விரித்த டர்ஃப், கலர் கலரான ஜெர்ஸி, மாதக் கட்டணம், 'உங்கள் பிள்ளை நாளைய ஐ.எஸ்.எல். ஸ்டார்' என்கிற நோட்டீஸ்.

நோட்டீஸை நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்கிறோம். எந்த கிளப் எத்தனை கப் வாங்கியது, எந்த வெளிநாட்டு டீமின் பெயர் போர்டில் இருக்கிறது, எங்கே ஃபீஸ் ஜாஸ்தி... ஃபீஸ் ஜாஸ்தி என்றால் தரமும் ஜாஸ்தி என்று நமக்கு ஒரு நம்பிக்கை! பதினோரு வயசுப் பிள்ளைக்கு கிளப் தேடும்போது இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். வளர்கிற உடம்பை அந்த கிளப் எப்படி நடத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஏணி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கீழ்ப்படியில் பள்ளி டீமும் உள்ளூர் கிளப்பும். அங்கிருந்து மாவட்ட அணி, மாநில அணி. பள்ளிக்கூடங்களுக்கென்று 1960-லிருந்து நடக்கும் சுப்ரதோ கோப்பை இருக்கிறது. நம் அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அதற்கும் மேலே அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வயதுவாரியாக நடத்தும் இளையோர் லீக்குகள். உச்சியில் 1987-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா ஃபுட்பால் அகாடமி, 2015-ல் நவி மும்பையில் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ், 2023-ல் ஃபிஃபா உதவியோடு புவனேஸ்வரத்தில் திறந்த அகாடமி ஆகியவை. உச்சியில் உள்ள இந்த இடங்கள் தேர்ந்தெடுத்த பிள்ளையிடம் காசு வாங்குவதில்லை, அவர்களே செலவு செய்கிறார்கள். லட்சக்கணக்கில் நம்மிடம் கேட்கிற இடம் இந்த ஏணியில் எந்தப் படி என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம்.

கால்பந்தில் வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயசில் பதினோரு மாத வித்தியாசம் சின்ன விஷயமா? ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் பால்பல்லோடு நிற்பான். செலக்‌ஷனில் யார் தேறுவான்? உயரமானவன், வேகமானவன், இடித்தால் விழாதவன். அவனுக்குத்தான் நல்ல கோச், நல்ல மேட்ச், கூடுதல் கவனம். சின்னவன் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆறு மாசத்தில் ஆட்டத்தையே விட்டுவிடுவான். உலகத்தில் பல நாட்டு அகாடமிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜனவரிக்காரனுக்குத் திறமை அதிகம் என்று அர்த்தமில்லை, அவன் முந்தி வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

அப்படி ஓரங்கட்டப்பட்டவர்கள் யார் யார் தெரியுமா? இங்கிலாந்தின் கேப்டனாக இருந்த ஹாரி கேனை எட்டு வயசில் ஆர்சனல் கிளப் "வேண்டாம்" என்று அனுப்பியது. ஜேமி வார்டியை "உடம்பு பத்தாது" என்று பதின்வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழற்றிவிட்டது. பின்னாளில், 2016-ல், லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்றபோது கோல் அடித்துக் குவித்தவர் அவர்தான். இந்தத் தப்பைப் புரிந்துகொண்டதால்தான் 2015 வாக்கில் இங்கிலாந்து அகாடமிகள் பிறந்த தேதியை விட்டுவிட்டு, உடம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. நம்ம ஊர் கோச்சிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம்: "சார், உங்க டீம்ல குள்ளமான பசங்களுக்கு மேட்ச்ல எத்தனை நிமிஷம் ஆட விடுவீங்க?" பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான வைத்தியம் ஒன்று நம் ஊரில் நடக்கிறது. பிறந்த தேதியைத் திருத்துவது! பதினைந்து வயசுப் பையனைப் பதிமூன்று என்று காட்டி ஜெயிக்க வைப்பது. இன்று மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயசைச் சொல்லிவிடுகிறார்கள். மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும் அவன் மேல் மோதுகிற சின்னப் பிள்ளையின் கால் உடையும். "ரெண்டு வயசு குறைச்சுக் காட்டிக்கலாம் சார், எல்லாரும் பண்றதுதான்" என்று சொல்கிற கிளப்பில் அடுத்த நிமிஷம் இருக்காதீர்கள்.

உயரம் வேகமாகக் கூடுகிற காலத்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது. எலும்பு முதலில் நீளும். தசை பின்னாலேயே இழுபட்டுப் போகும். தசை எலும்பில் ஒட்டுகிற இடமோ இன்னும் குருத்தாகவே இருக்கும். ஓடி, குதித்து, பந்தை ஓங்கி உதைக்கும்போது அந்தக் குருத்து இழுபடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் ஒரு மேடு வீங்கி, தொட்டால் வலிக்கும். 1903-ல் இதை விவரித்த இரண்டு டாக்டர்களின் பெயரால் இதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். பையன்களுக்கு 12-லிருந்து 15 வயசுக்குள், பெண் பிள்ளைகளுக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாடியே வரும். அதைவிடச் சின்ன வயசில், எட்டு ஒன்பதில் தொடங்கி, குதிகாலில் வலி வரும். அது சீவர்ஸ் எனப்படுவது. காலையில் எழுந்ததும் நொண்டினால், பிராக்டீஸ் முடிந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டுமே பயப்படுகிற வியாதி இல்லை. ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் வைத்து, தொடைத் தசைக்கும் கெண்டைக்காலுக்கும் நீட்டல் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும், வளர்ச்சி நின்றதும் போய்விடும். வம்பு எங்கே என்றால், "வலிய தாங்கி ஆடுறவன்தான் பிளேயர்" என்கிற வசனத்தில்தான். செமிஃபைனல் இருக்கிறது என்று ஊசி போட்டோ ஸ்பிரே அடித்தோ இறக்கிவிடுகிற கோச்சை நான் கோச் என்றே சொல்ல மாட்டேன். வலி ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, மூட்டு வீங்கினாலோ, பத்து நாளில் குறையாவிட்டாலோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்கிறவரிடம் போகாதீர்கள்.

எவ்வளவு ஆடலாம்? விளையாட்டு மருத்துவர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு எத்தனை வயசோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் மேட்சும் சேர்ந்து போகக்கூடாது. பதினோரு வயசா? வாரம் பதினோரு மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் வேறு விளையாட்டு. நீச்சல், கபடி, சைக்கிள், எதுவானாலும் சரி. பள்ளி டீமுக்கு ஒரு கோச், கிளப்புக்கு ஒரு கோச், ஞாயிற்றுக்கிழமை மதுரையில் 'எக்ஸ்ட்ரா கோச்சிங்' என்று மூன்று இடத்தில் சேர்த்துவிடுகிறோம். மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. கூட்டிப் பார்க்க வேண்டிய வேலை அம்மாவுக்குத்தான்!

பயிற்சி தொடங்கும் முன் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னதாகப் போய் நின்று பாருங்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு நேரே மேட்ச் போடுகிறார்களா? ஃபிஃபா அமைப்பு '11 பிளஸ்' என்று ஒரு வார்ம்-அப் வைத்திருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, சரியாக விழப் பழகுவது என்று இருபது நிமிஷ சமாச்சாரம். ஏழு முதல் பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நாலு நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்ததில், அதைச் செய்த டீம்களில் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. காசு இல்லை, கருவி இல்லை. தெரிந்திருந்தும் செய்யாத கோச்சுக்கும், தெரியாத கோச்சுக்கும் என் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

தலையால் பந்தை முட்டுவது இன்னொன்று. 2020-லேயே இங்கிலாந்தில் பதினோரு வயது வரை பயிற்சியில் ஹெட்டிங் கற்றுத்தர வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். அமெரிக்காவில் 2015-லேயே பத்து வயசு வரை தடை. இங்கே எட்டு வயசு வாண்டுகளை வரிசையில் நிறுத்தி "முட்டுடா, முட்டுடா" என்கிறார்கள். மண்டையில் அடிபட்டு தலைசுற்றல், வாந்தி, குழப்பம் என்று எது வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது. டாக்டர் சொன்ன பிறகுதான் மைதானம்.

டர்ஃப் சங்கதிக்கு வருகிறேன். செயற்கைப் புல் வெயிலில் தார் ரோடு மாதிரி கொதிக்கும். சித்திரை மத்தியானத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதனால் ராத்திரி ஸ்லாட் கொடுக்கிறார்கள். எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஆட்டம். வீடு வந்து குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கப் பதினொன்றரை. காலை ஆறரைக்கு ஸ்கூல் வேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும், பதின்வயதில் எட்டு மணியாவது வேண்டும். உடம்பு வளர்வதும், தசை சீராவதும், காலையில் கற்றது மண்டையில் பதிவதும் தூக்கத்தில்தான். பள்ளி நாளில் ராத்திரி எட்டு மணி பிராக்டீஸ் வைக்கிற பிரமாதமான அகாடமியைவிட, சாயங்காலம் ஐந்து மணிக்கு மண் கிரவுண்டில் விசில் ஊதுகிற பி.டி. வாத்தியார் மேல்.

சாப்பாட்டு விஷயத்தை நீட்ட வேண்டாம். முட்டை, பால், கடலை, பயறு, கேழ்வரகு, கீரை, வாரம் ஒருமுறை நம்ம ஊர் பிரியாணி, எல்லாம் சரி. மைதானத்துக்கு உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ கொடுத்தனுப்புங்கள். கிளப்பிலேயே டப்பாவில் புரோட்டீன் பவுடர் விற்றால் வாங்காதீர்கள், வளரும் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

இப்போது பெரிய கேள்வி. ஊரை விட்டு அனுப்பலாமா?

என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். வசதியுள்ள நடுத்தரக் குடும்பம் பதினாலு வயசுக்கு முன்னால் பிள்ளையை அகாடமி ஹாஸ்டலுக்கு அனுப்பத் தேவையில்லை. "அப்போ லேட் ஆயிடாதா?" என்பீர்கள். நார்வேயில் பிரைன் என்று ஒரு ஊர். நம்ம ஒட்டன்சத்திரத்தைவிடச் சின்னது. அங்கே ஒரே வயசுப் பிள்ளைகள் சுமார் நாற்பது பேரை, நல்லா ஆடுபவன், சுமாரா ஆடுபவன் என்று பிரிக்காமல், ஒன்றாகவே வளர்த்தார்கள். அவர்களில் ஆறு பேர் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அந்தக் கூட்டத்தோடு ஆடிய, வயசில் ஒரு வருஷம் சின்னப் பையன்தான் எர்லிங் ஹாலண்ட்! அந்த நாட்டில் பதினோரு வயசு வரை பிள்ளைகள் போட்டிகளில் பாயின்ட் டேபிளே கிடையாது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இங்கிலாந்து. சின்ன வயசிலேயே பொறுக்கி எடுக்கிறார்கள். 2022-ல் வெளியான கணக்குப்படி அகாடமிகளில் இருந்து வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பிரீமியர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. காசு கொழிக்கிற தேசத்திலேயே அந்தக் கதி.

இங்கே ஏணியின் உச்சியே ஆடுகிறது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் சீனியர் டீமின் சம்பளத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அந்த வருஷம் முடியும் வரை லீக் தொடங்கவில்லை. இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கே இந்த நிலைமை என்றால், ஏழாம் வகுப்போடு படிப்பை ஓரங்கட்டுகிற பையனுக்கு என்ன உத்தரவாதம்?

ஏழைக் குடும்பத்துக் கணக்கு வேறு, அதை நான் மறுக்கவில்லை. முட்டையும் பாலும் பயிற்சியும் தருகிற அரசு விடுதி அந்தப் பிள்ளைக்கு வரப்பிரசாதம். வியாசர்பாடியின் சந்துகளிலிருந்து தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. வரை வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரை கிராமமான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். இருவரும் தெரு மணலிலும் கடல் மணலிலும் ஆடத் தொடங்கியவர்கள்தான்.

அனுப்புவதென்று முடிவு செய்தால், முன்கூட்டியே ஒருநாள் போய்ப் பாருங்கள். விருந்தாளி வருகிறார் என்று தெரியாத நாளில்! கக்கூஸைப் பாருங்கள், சமையலறையைப் பாருங்கள். ராத்திரி வார்டன் யார், அவர் எங்கே படுக்கிறார், அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போன் பண்ணலாமா என்று கேளுங்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் மைதானத்துக்கும் ஹாஸ்டலுக்கும் பொருந்தும். 1098 என்கிற எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். கோச்சுக்கு என்ன லைசென்ஸ் இருக்கிறது? 'டி' லைசென்ஸா, ஆசிய அமைப்பின் 'சி'யா? கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் லைசென்ஸ் இருக்காது. சம்மேளனம் அகாடமிகளுக்கு நட்சத்திரக் கணக்கில் அங்கீகாரம் தருகிறது, அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்டிஃபிகேட் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 'நேஷனல் சாம்பியன்ஷிப்' என்று பெயர் வைத்து, டெல்லிக்கோ கோவாவுக்கோ கூட்டிப்போய், வெங்கலக் கப்பும் வழுவழு சான்றிதழும் தருகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, இன்ஜினீயரிங் சேர்க்கையிலும் தனி இடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ நடத்திய போட்டிச் சான்றிதழ்தான் அங்கே செல்லும். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் செலவு மிச்சம்.

"ஸ்பெயின் கிளப் ட்ரையல், சில லட்சம்தான்" என்று வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும். பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவரை ஒரு நாட்டு கிளப்பிலிருந்து வேறு நாட்டு கிளப்புக்குப் பதிவு செய்ய ஃபிஃபா விதியே அனுமதிப்பதில்லை, சில விலக்குகள் தவிர. அதை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனாவுக்கே தடை விழுந்தது. அப்படியிருக்க உங்கள் பன்னிரண்டு வயசுப் பையனை எப்படிச் சேர்ப்பார்கள்? அது சுற்றுலா. சுற்றுலா என்று தெரிந்து போனால் தப்பில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏனென்றால் தமிழ்நாட்டில் கால்பந்துப் பாதை பெண்களுக்குத்தான் அதிகம் திறந்திருக்கிறது. இங்கிருந்து அறுபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. மாநிலப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனார். இதெல்லாம் தெரிந்தும், வயசுக்கு வந்ததும் "போதும்மா, இனி ஷார்ட்ஸ் எல்லாம் வேண்டாம்" என்று ஆட்டத்தை நிறுத்திவிடுகிறோம்.

அந்த வயசில் அவளுக்கு வேண்டிய கவனம் வேறு. முழங்கால் உள்ளே இருக்கும் லிகமென்ட் அறுந்துபோவது பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். மேலே சொன்ன வார்ம்-அப் அவளுக்குக் கட்டாயம். சோர்வாக இருந்தால் 'சோம்பேறித்தனம்' என்று திட்டாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு பலமிழந்து விரிசல் விடுகிற வரைக்கும் போகும். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கிளப்பில் பெண் கோச் ஒருவராவது இருக்கிறாரா, துணி மாற்ற ஒரு அறையும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் இருக்கின்றனவா என்று சேர்க்கும் முன் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பத்து டர்ஃப் இருந்தாலும், மாதத்தில் நாலு நாள் அவள் மைதானத்துக்கு வர மாட்டாள்.